சிவப்புக் கோடு போட்ட பத்துக் கார்டுகள்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. பதினோராம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலும், ஊரில் இருக்கும் அக்காவுக்குக் கடிதமும்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் வாய் திறக்க இந்த வயதிலும் எனக்குக் கூச்சம். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, கேட்க வேண்டியவர் போன பிறகு காகிதத்தில் சொல்ல வருகிறேன். அவர் இறந்துவிட்டதாகப் போன மழைக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தி.நகரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வரும் அக்கா மகள் என்னுடைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டியபோது உள்ளேயிருந்து ஒரு கார்டு விழுந்தது. ஒரு மூலை வெட்டிய, சாண் நீளமுள்ள தடித்த அட்டை. வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள். "என்ன சித்தி இது, பழைய பஸ் பாஸா?" என்றாள். "கம்ப்யூட்டர்" என்றேன். சிரித்தாள். நான் பொய் சொல்லவில்லை. எழுபதுகளில் அடையாற்றில் நான் வேலை பார்த்த இடத்தில், கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டைகள்தான். ஒரு மனிதர், அவர் பெயர், வாங்கிய மார்க்கு, எல்லாம் ஒரு கார்டு. நாங்கள் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க மிஷினில் அந்த ஓட்டைகளை அடிப்போம். ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி வேறொரு மிஷினில் திரும்ப அடித்துச் சரிபார்ப்பாள். காது அடைத்துப் போகும் சத்தம். எனக்கு அது வசதியாக இருந்தது. பேச வேண்டியதில்லை.

புரோகிராமர் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். நான் மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய சந்தில் பிறந்த கத்தோலிக்கப் பெண். "நீங்க பூசை, நாங்க ஆராதனை. நடுவுல ஒரு சுவரு, அவ்வளவுதானம்மா" என்பார். அந்த அலுவலகத்தில் சிலுவைக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதாலோ என்னவோ, கூச்சமில்லாமல் நான் நிமிர்ந்து பார்த்துப் பேசிய ஒரே மேலாள் அவர். புரோகிராம் எழுதும் தாளின் மேல் மூலையில் பென்சிலால் மிகச் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் முதல் வரி எழுதுவார். ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது சற்றுத் தள்ளிக் கைகட்டி நிற்பார். பொரி கொடுத்தால் வாங்கித் தின்பார். அவர் ஒருமுறை சொன்னது இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மிஷின் நாம சொன்னதைத்தான் செய்யும், நினைச்சதைச் செய்யாது. கடவுள் அப்படி இல்ல. நாம சொல்லுததைக் காதுல போட்டுக்கிடவே மாட்டாரு, நினைச்சதைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதான் எனக்கு இந்த மிஷினோட இருக்கையில கொஞ்சம் நிம்மதி."

ஒரு புரோகிராமை நிஜ வேலைக்கு விடுவதற்கு முன்னால் பொய்க் கார்டுகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாகப் பாஸானவர், ஒரே ஒரு பாடத்தில் கோட்டைவிட்டவர், ஒரு மார்க்கில் தப்பித்தவர் என்று விதவிதமாகப் பத்துக் கார்டு. மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க மேல் விளிம்பில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அந்தப் பத்துப் பேருக்குப் பெயரும் எண்ணும் வேண்டும். பெயருக்குத் தன் வீட்டாரையே போடுவார். மனைவி, மைத்துனன், கைக்குழந்தையாக இருந்த மகள்கூடப் பரீட்சை எழுதினாள். எல்லாப் பாடத்திலும் பூஜ்யம் வாங்குகிறவனுக்குத் தன் பெயர். "வேற யார் பேரைப் போட்டாலும் கோவிச்சுக்கிடுவாங்க" என்பார். எண்களைத்தான் வேடிக்கையாக எடுப்பார். அவர்கள் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கும். அன்றைக்குப் பாடப்போகும் பாட்டுகளின் எண்களை அதில் செருகி வைப்பார்கள். அந்த ஞாயிறு பலகையில் கண்ட எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு இலக்கம் வந்துவிடும். இருநூற்றுப் பதினான்காம் பாட்டும், முன்னால் ஒரு பூஜ்யம் போட்ட அறுபத்தேழாம் பாட்டும் சேர்ந்து 214067. அந்த எண்தான் பூஜ்யக்காரனுக்கு. அந்தக் கார்டை அடித்தவள் நான்.

அது ஒரு குமாஸ்தா வேலைத் தேர்வு. எங்களிடம் வந்த விண்ணப்ப எண்கள் இரண்டு லட்சத்தைத் தொடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசி வாரத்தில், தாமதமாக அனுமதிக்கப்பட்டவர்கள் என்று ஒரு சின்னக் கட்டு வந்தது. அந்த எண்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அது அவர் கண்ணில் படவே இல்லை. நேராக எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டில் பாதியை அடித்தவளும் நான்தான். 214067 என்ற எண்ணை நான் இரண்டு தடவை அடித்திருக்கிறேன். விரல் அடிக்கும்போது மனது எங்கோ இருக்கும். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

முடிவுகளைத் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிஷினை ஓட்டுவது என்று முடிவாயிற்று. புரோகிராமர் சார் ஞாயிறு கடவுளின் ஓய்வு நாள் என்று அன்று வேலை செய்யமாட்டார். பஸ்ஸில்கூட ஏறமாட்டார், தனக்காக ஒரு டிரைவரும் கண்டக்டரும் அன்று உழைக்கக் கூடாது என்று எங்கும் நடந்தே போவார். சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தார். "நாளைக்கு நான் வரமாட்டேன், தெரியும்லா? காலையில முதல்ல டெஸ்ட் கார்டு பத்தையும் வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாப்பாங்க. அது முடிஞ்சதும் முன்னால இருக்கிற சிவப்புக் கோடு பத்தையும் நீ எடுத்துரு. அதுக்கப்புறம்தான் நிஜம் ஓடணும். சீட்டு எழுதி வச்சிட்டுப் போகட்டுமா?" வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பியது எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிப் பூசை முடிந்து, பஸ் கிடைக்காமல் நின்று, நான் போய்ச் சேர்வதற்குள் கார்டுத் தட்டுகள் மிஷின் அறைக்குள் போய்விட்டன. அது கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. கூப்பிடாமல் நாங்கள் உள்ளே போகக் கூடாது. மேலதிகாரி உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாசலில் பியூன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனை நைனா என்றுதான் கூப்பிடுவோம். உள்ளே ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா, உள்ள பூஜை நடந்துகினு கீது. இப்ப போனா சாமி கட்ச்சிடும்" என்றான்.

"டெஸ்ட் கார்டு எடுத்துட்டாங்களான்னு மட்டும் கேக்கணும் நைனா."

"அத்தெல்லாம் அவுரு பாக்க மாட்டாரா? நீ போய் குந்தும்மா."

கதவைத் தட்டியிருக்கலாம். ஒரு விரலால் தட்டினால் போதும். கை கதவு வரைக்கும் போனது. மேலதிகாரி திரும்பி எரிந்து விழுவார், எல்லோரும் பார்ப்பார்கள் என்ற பயம். தப்பாக இருந்தால் மிஷினே நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிற்கவில்லை. ஒரே எண்ணில் இரண்டு கார்டு வந்தால் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பின்னால் வந்ததைத் தள்ளிவிடும்படிதான் அதற்குச் சொல்லியிருந்தது. சொன்னதைச் செய்தது.

திங்கட்கிழமை காலை அவர் வருவதற்கு முன்பே, ஓடி முடித்திருந்த தட்டிலிருந்து சிவப்புக் கோடு போட்ட பத்தையும் பொறுக்கி எடுத்து ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். "எடுத்திட்டியாம்மா?" என்று கேட்டார். "எடுத்துட்டேன் சார்" என்று கையில் கொடுத்தேன். அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், "பொய் சொன்னேன்" என்றேன். எத்தனை முறை என்று கேட்டார். ஒருமுறை என்றேன். மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பத்துக் கார்டில் என்ன ஆகிவிடப் போகிறது, யாருக்கும் இல்லாத எண்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பதைத் தொட்டிருப்பாள். நீலக் கைத்தறிப் புடவை, கையில் மடித்து மடித்து நைந்துபோன ஹால் டிக்கெட். பாஸானவர்கள் பட்டியலில் அவள் எண் இல்லை. தேர்வு அலுவலகத்தில் போய்க் கேட்டபோது எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது என்று கைவிரித்திருக்கிறார்கள். ஆகவே கம்ப்யூட்டரையே கேட்டுவிடலாம் என்று வந்திருந்தாள். முதல் இரண்டு முறை நைனாவே அவளைத் திருப்பி அனுப்பினான். "கம்ப்யூட்டர் ஃபெயில்னா ஃபெயில்தாம்மா. அதுக்கு மாமன் மச்சான் யாரும் கெடியாது, போய் ரெகமண்டேசன் புடிக்கறதுக்கு." மூன்றாம் முறை வந்தபோது, டீ குடித்துவிட்டுத் திரும்பிய புரோகிராமர் சார் அவளைப் பார்த்துவிட்டார். எண்ணைக் கேட்டார். அவள் ஹால் டிக்கெட்டைப் பிரிக்காமலே சொன்னாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பாட்டு எண்கள் அவருக்கு மறக்காது.

அலமாரியிலிருந்து முடிவுப் பட்டியலின் நகலை எடுத்துத் தன் மேஜையில் விரித்தார். என் இடத்திலிருந்து பார்த்தால் அந்த மேஜை தெரியும். அவருடைய பத்துப் பேரில் நாலு பேர் பாஸாகி அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவருடைய பெண்குழந்தையும் பாஸ். ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு எழுந்து எங்கள் அறை வாசலுக்கு வந்து நின்றார். நான் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கேட்டுவிடப் போகிறார், கேட்டால் சொல்லிவிடுவேன், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "டீ குடிச்சியாம்மா?" என்றார். போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மேலதிகாரியின் தடுப்புக்குப் பின்னால் குரல் உயர்ந்தது. அது பலகைத் தடுப்பு. எங்கள் மிஷின்கள் நின்றால் எல்லாம் கேட்கும்.

"ஒரு பொம்பளைக்காக அத்தனை பேர் ரிசல்ட்டையும் சந்தேகத்துல விடச் சொல்றீங்களா? அடுத்த வருஷம் இந்த வேலை நம்ம கைக்கு வருமா?"

"சார், டெஸ்ட் கார்டு எடுக்காம விட்டது என் தப்பு. அதைத் தேர்வு ஆபீசுக்கு எழுதிக் குடுத்திருதேன்."

"உங்க சர்ச்சுல போய் அழுங்க மிஸ்டர், இங்க அழாதீங்க. எழுதறதுன்னா கூடவே ராஜினாமாவையும் எழுதிக் குடுங்க."

இரண்டையும் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது என் தப்பு என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ராஜினாமாவுக்குக் கொடுத்த ஒரு மாதத் தவணையில் தினமும் என் மேஜையைக் கடந்து போனார், குட் மார்னிங் சொன்னார். ஒரு நாளாவது திட்டியிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன். அவர் நல்லவராக இருந்ததும் எனக்கு ஒளிந்துகொள்ள இடமாகிவிட்டது.

தேர்வு அலுவலகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. இடங்கள் நிரப்பப்பட்டுவிட்டன, தேர்வு முடிந்துவிட்டது, மேற்படி விண்ணப்பதாரர் இப்போது வயது வரம்பையும் தாண்டிவிட்டதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை. அவள் எழுதியது அவளால் எழுத முடிந்த கடைசித் தேர்வு.

அவருடைய கடைசி வேலை நாள் ஒரு சனிக்கிழமை. "நாளைக்கு மாம்பலத்துக்கு, அந்தப் பரீட்சை எழுதுன பிள்ளை வீட்டுக்குப் போறேன். நான் மட்டும் போய் நின்னா நல்லாருக்காது. நீ கூட வருவியாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்து, அடையாற்றிலிருந்து நடந்தே வந்து, தி.நகர் பஸ் நிலையத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் போனோம். ஒரே வாசலில் நாலு குடித்தனம். அவள் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது, அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் தானாகவே தெரிந்தது. வேலை கிடைத்தால் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறாள்.

புரோகிராமர் சார் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"அப்போ நான் பாஸா?" என்றாள்.

"பாஸ்ம்மா. நல்ல மார்க்." மார்க்குகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவள் ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தாள். "கணக்குல எழுபத்தெட்டு. நெனச்சேன், எழுபதுக்கு மேல வரும்னு நெனச்சேன்." பிறகு உள்ளே திரும்பி, "அண்ணா, கொஞ்சம் வாயேன். இவா சொல்றதைக் கேளு. நான் பாஸாம்" என்றாள்.

அண்ணன் பேப்பரோடு வந்தார். கேட்டார். "இப்ப சொல்ல வந்தேளா? புஸ்தகத்தை வச்சுண்டு சும்மா உக்காந்திருந்தான்னு ஆத்துல எத்தனை பேச்சுப் பேசியாச்சு தெரியுமோ?" என்றவர் சற்றுப் பொறுத்து, "சரி, வேலை?" என்றார்.

"அது முடிஞ்சு போச்சு சார். வயசு தாண்டிட்டுன்னு எழுதிட்டாங்க."

"கிழிஞ்சது" என்றார் அண்ணன். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. ஊர்ல இத்தனை நம்பர் இருக்கறச்சே என் நம்பரை எப்படிப் பிடிச்சேள்?" என்றாள். அவர் கோயில் பலகையைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கேட்கவே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. அவள் சிரித்தாள். "அன்னிக்கு மட்டும் வேற பாட்டுப் பாடியிருக்கப்படாதோ?"

காபி கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "நீங்களும் அங்கதானா? என்ன வேலை?" என்று கேட்டாள்.

"கார்டு அடிக்கிறேங்க."

"அதுல தப்பு வராதோ?"

"வராதுங்க. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் திரும்ப அடிச்சுப் பாப்பாங்க."

"இவர் பண்ணினதைத்தான் யாரும் திரும்பப் பாக்கலையாக்கும்" என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் இல்லை, நான்தான் என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான நிமிஷம் ஒருவருக்கு வாய்க்காது. டம்ளர் சுட்டது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

கிளம்பும்போது அந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "கீழ ஒரு கையெழுத்துப் போட்டுத் தரேளா? எங்கயும் காட்டறதுக்கில்லை. இருக்கட்டும்னுதான்." அவர் கையெழுத்துப் போட்டு, தன் பதவியையும் எழுதினார். அந்தப் பதவி முந்தின நாளோடு முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

திரும்பி வரும்போது ரயில்வே பாலத்தின் மேல் அவர் நின்றார். கீழே ஒரு வண்டி போவதைப் பார்த்தார். "ஓய்வு நாளை நான் ஒருநாளும் மீறினதில்லன்னு உள்ளுக்குள்ள ஒரு கர்வம் இருந்துச்சும்மா. என் வேலையைத் தூக்கி உன் தலையில வச்சிட்டுத்தான் நான் போய்ப் பாட்டுப் படிச்சிருக்கேன். கண்டக்டரு உழைக்கக் கூடாதுன்னு நடந்து போனேன். நீ உழைக்கலாமான்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தன் பங்கை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு மீதிக்கு எனக்கு இடம் விட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் பாலத்தின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மயிலாப்பூர் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். அவர் நடந்தார். சிறிது தூரத்தில் பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போனது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. அந்த ஃபைலை மூட வேண்டும் என்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அந்த டெஸ்ட் கார்டுகளைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். அன்று அறுநூற்று நாற்பது கார்டுகள் அடித்தேன்.